கணுக்காலுக்கு நூறு புள்ளி

மிளகுக் கொடிக்குச் சாத்திய ஏணியிலிருந்து விழுந்து, கணுக்காலில் ஒரு தகடும் ஆறு ஆணியும் வாங்கிக்கொண்டு மீராசாஹிபுக்கு எட்டு மாதமாகிறது. இன்று யட்டவத்தையிலிருந்து மாத்தளை கிளினிக்குக்கு வந்த பஸ்ஸில், எதிரே திரும்பிப் போகும் பஸ்களையே அவர் எண்ணிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சைக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை. அதில் தோற்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது.

போன முறை டாக்டர் சொன்னதுதான் காரணம்: “நீங்க நிரப்புற ஃபோர்மில புள்ளி குறைஞ்சா, ஆணி தளர்ந்திருக்கான்னு பார்க்கணும். தேவைப்பட்டா திரும்பத் திறக்கணும்.” திறக்க இதென்ன கடையா என்று கேட்க நினைத்தார்.

தாதி ஜெனிஸ்டா கேள்விகளை வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து பெட்டி: இல்லை, கொஞ்சம், நடுத்தரம், கடுமை, தாங்க முடியாது.

“படி இறங்குறப்ப நோவு எப்படி, நானா?” முஸ்லிம் அண்ணன்மாரை அவள் அழைக்கும் முறை அது.

“அல்ஹம்துலில்லாஹ்.”

“அதுக்குப் பெட்டி இல்லீங்க.”

யார் சுகம் கேட்டாலும், எல்லாப் புகழும் இறைவனுக்கே என்ற அந்தச் சொல்தான் அவர் வாயில் வரும். கடும் காய்ச்சலிலும் அதுதான். அதற்கு மேல் நோவைச் சொல்வது நன்றிகெட்டதனம் என்று வளர்ந்த மனிதர். இன்று பயமும் அதற்குள் வசதியாக ஒளிந்துகொண்டது.

“அப்ப ‘இல்லை’ன்னு போடுங்க மிஸ்.”

பன்னிரண்டு கேள்விக்கும் இல்லை. ஜெனிஸ்டா கூட்டிப் பார்த்துச் சிரித்தாள். “நூற்றுக்கு நூறு. இனி நீங்க கிளினிக்குக்கு வரத் தேவையில்ல.”

மனம் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர் குனிந்து கணுக்காலைப் பார்த்தார். உள்ளே ஆணி உண்மையிலேயே தளர்ந்திருந்தால் இனிக் கேட்க ஆளில்லை.

பக்கத்திலிருந்த மனைவி றஸ்மியா பொறுமையிழந்தாள். “விடிய சுபஹுத் தொழுகைக்குப் படி இறங்குறப்ப ‘உம்மா, உம்மா’ன்னு கத்துறது யாரு, அடுத்த வீட்டு ஜிப்ரியா? காலை மடிக்க ஏலாம கதிரையில உக்காந்து தொழுறது யாரு?”

“சும்மா இரு புள்ள. திறந்துருவாங்க.”

“திறக்கட்டும். நான் பக்கத்துலதானே இருப்பேன்.”

சொல்லிவிட்டு அவர் சட்டைக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். எட்டு மாதமாக இவளும் பயந்துகொண்டிருக்கிறாள். இவளிடம் மட்டும் யாரும் ஃபோர்ம் நீட்டவில்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“மிஸ், வேற தாள் ஒண்ணு தாங்க.”

ஜெனிஸ்டா மறுபடி தொடங்கினாள். “படி இறங்குறப்ப?”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். றஸ்மியாவைப் பார்த்தார். “நாலாவது பெட்டி.”

இந்த முறை நாற்பத்தொரு புள்ளி. தாளோடு டாக்டரிடம் போன ஜெனிஸ்டா திரும்பி வந்தாள். “முதல்ல எக்ஸ்ரே எடுக்கச் சொல்றாங்க.”

மீராசாஹிப் எழுந்து, றஸ்மியாவின் தோளைப் பற்றினார்.

“நோகுது.”

“தெரியும். மெல்ல நடங்க.”