முப்பத்தெட்டு மீற்றர் நடைவழி

கூர் என்ற மலைநகரத்து மருத்துவமனை ஒன்றின் மூன்றாம் மாடி நடைவழி முப்பத்தெட்டு மீற்றர் நீளம். கஜலக்சுமிக்கு மட்டும் அது நாலு கிலோமீற்றர். இடுப்பு மூட்டு ஒப்பரேசன் முடிந்த மூன்றாம் நாள் இது தெரியவந்தது. ஊன்றுகோல்களோடு காலை ஒன்பதுக்கு அறையை விட்டுப் புறப்பட்டவள் மறுமுனை யன்னலை அடைந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி அடுக்கியிருந்தார்கள். பத்தொன்பது வருடம் அதே தரையைத் துடைத்தவள் அவள். அப்போதெல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் வேலை முடிந்துவிடும்.

மற்றவர்கள் கண்டது, நடந்துகொண்டேயிருந்தும் நகராத ஒரு பெண்ணை. ஒத்துழைக்கவில்லை என்று கோப்பில் எழுதினார்கள். இடுப்பு நோகுது என்று நாலு வருடம் அவள் முறையிட்டபோதும், உங்கள் ஆட்களுக்கு எங்கே தொட்டாலும் நோவுதான் என்று சிரித்து அனுப்பிய வைத்தியர் ஒருவர் இருந்தார். எலும்பு தேய்ந்து தீர்ந்த பிறகுதான் படம் எடுத்தார்கள். அவர்தான் இப்போது தலைமை வைத்தியர். வெள்ளிக்கிழமைக்குள் பத்து நிமிடத்தில் நடைவழியைக் கடக்காவிட்டால் நடக்கப் பழக்கும் புனர்வாழ்வு நிலையத்தில் இடம் கிடையாது, மனநல வைத்தியரைக் கூப்பிட வேண்டும் என்று அவர் அறிவித்துவிட்டார். கஜலக்சுமியின் வீடு லிஃப்ட் இல்லாத நாலாம் மாடியில். அவள் கணவர் பாலச்சந்திரன் கட்டிலோரம் குனிந்து, மெல்லிய குரலில் சொன்னார்: "இஞ்சரும், நீளம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையும். விசர் எண்டு ஒருக்கா எழுதினா, பிறகு அழிக்கேலாது."

புதன்கிழமை நடைப்பயிற்சி தரும் உர்சீனா மோசர் என்ற பிசியோ வந்தாள். அவசரப்படுத்தாமல் கூடவே நடந்தாள். இரண்டாம் கிலோமீற்றரில் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினாள். அப்போதுதான் கஜலக்சுமி அவளுடைய காலைப் பார்த்தாள். மலையேறும் சப்பாத்து.

"உங்களுக்கும் நீளமோ?"

உர்சீனா முன்னும் பின்னும் பார்த்தாள். "நாலு கிலோமீற்றர் முந்நூறு. பதினொரு வருசமா நடக்கிறன்."

வண்டிகளில் ஊர் ஊராகப் போய்வந்த, இந்த மலைகளின் பழங்குடியான யெனிஷ் மக்களில் ஒருத்தி அவள். திருத்துவது என்ற பெயரில் அவர்களுடைய பிள்ளைகளை அதிகாரிகள் பிரித்தெடுத்த ஒரு காலம் இருந்தது. அவளுடைய தாயை ஐந்து வயதில் வண்டியிலிருந்து தூக்கிப் போய், இதே மாதிரி வெள்ளைச் சுவர்களுக்குள் அடைத்திருந்தார்கள். வேலையிடத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயத்தில், அவள் தினமும் இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து நடைவழியைக் கடந்து முடித்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை தலைமை வைத்தியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அரை நிமிடத்தில் யன்னலடியில் போய் நின்றார். பெண்கள் இருவரும் இருநூறு மீற்றர்கூடத் தாண்டவில்லை. பத்து நிமிடம் முடிந்தது. உர்சீனா நின்றாள். தான் யார், தாய் யார், இந்த நடைவழி தனக்கு எவ்வளவு நீளம் என்பதை எல்லா நேர்சுகளுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். அவள் முடித்ததும் கஜலக்சுமிக்கும் வாய் திறந்தது.

"நோகுது எண்டு நாலு வருசம் சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை."

வைத்தியர் அவர்களை நோக்கித் திரும்பி நடந்தார். அந்த நடைக்கு அவருக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. வியர்த்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு வந்து சேர்ந்தவர், இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். எந்தப் பக்கம் பிடித்தால் நோகாது என்று கஜலக்சுமியிடம் கேட்டார். அவள் இடப்பக்கத்தைக் காட்டினாள். மூவரும் யன்னலை அடையப் பின்னேரம் ஆகிவிட்டது. கோப்பில் இருந்த ஒத்துழைக்கவில்லை என்ற சொல்லைத் தன் கையாலேயே வெட்டி, நாலு கிலோமீற்றர், துணையோடு, என்று எழுதினார். திங்கட்கிழமை புனர்வாழ்வு நிலையத்தில் இடம் கிடைத்தது.

நடைவழி குறையவில்லை. நிர்வாகம் அரைக் கிலோமீற்றருக்கு ஒன்று என்று, உட்கார எட்டு வாங்குகளைப் போட்டது. மற்றவர்களுக்கு அவை முப்பத்தெட்டு மீற்றருக்குள் நெருக்கியடித்து நிற்கும். கட்டில் தள்ளுபவர்கள் வளைந்து வளைந்து போகப் பழகிக்கொண்டார்கள். பரிசோதனை நாட்களில் கஜலக்சுமி காலைத் தேத்தண்ணி குடித்த கையோடு புறப்பட்டுவிடுவாள். ஐந்தாவது வாங்கில் பெரும்பாலும் நடந்து களைத்த யாராவது இருப்பார்கள். அவளைக் கண்டதும் தள்ளி இருந்து இடம் விடுவார்கள்.