பதினோரு எடைச் சீட்டுகள்

பக்தவத்சலத்தின் வேனில் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு முருகன் படம். அதை ஒட்டினாற்போல வரிசையாகப் பதினோரு எடைச் சீட்டுகள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக்கடை மெஷினில் ஏறி நின்றால் வருகிற சீட்டுதான். எல்லாம் அவர் மகள் பிரதீபாவுடையவை. முதல் சீட்டிலிருந்து கடைசிச் சீட்டு வரை எண் இறங்கிக்கொண்டே போனது.

பிரதீபா காலேஜ் அணியில் நெடுந்தூரம் ஓடுகிறவள். "வெயிட்டு கொறஞ்சா டைமும் கொறையும் பா" என்று ஒரு நாள் சொன்னாள். அதை அவர் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் அவள் சீட்டை நீட்டுவாள், அவர் பசை தடவி ஒட்டுவார். காலையில் சிறுசேரிக்கு ஏறுகிற ஐ.டி. பிள்ளைகள் எல்லோருக்கும் அதைக் காட்டியாக வேண்டும்.

"அண்ணாத்த, இப்டியே போனா சீட்டுதான் மிஞ்சும், பொண்ணு மிஞ்சாது" என்று அவர்களில் ஒருவனான ஷ்யாம் ஒரு நாள் கலாய்த்தான். வண்டியே சிரித்தது. பக்தவத்சலமும் சேர்ந்துதான் சிரித்தார்.

விளையாட்டு ஆசிரியை சங்கரி மேடம் ஒரு வியாழக்கிழமை போன் செய்து காலேஜுக்கு வரச் சொன்னார். மைதானத்தின் ஓரத்தில் பிரதீபா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் வருவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் கூப்பிட்டேன். கால் எலும்புல விரிசல் விட்டிருக்கு. சாப்பிடாம ஓடியிருக்கா சார். ஆறு மாசமா பீரியட் வரல."

"அவங்கம்மா டெய்லி டப்பா கட்டிக் குடுக்குதே மேடம்?"

"அது கிரவுண்டு நாய்ங்களுக்குப் போயிருக்கு." மேடம் கொஞ்சம் தயங்கினார். "என் மேலயும் தப்பு இருக்கு. பொண்ணுங்கள வரிசையா நிக்க வச்சு எடை பார்த்தேன். இனிமே பார்க்கறதில்ல. ஏன்டி முன்னாடியே சொல்லலன்னு கேட்டேன். 'அப்பா வண்டியில ஒட்டி வச்சிருக்காரு மேடம், நம்பர் ஏறுச்சுன்னா அவரு மூஞ்சி எப்டி ஆவும்'னு கேக்குறா."

அன்று சாயந்திரம் பக்தவத்சலம் சீட்டுகளைச் சுரண்டி எடுத்தார். பசை மட்டும் போகவில்லை.

சிகிச்சை ஆரம்பமானது. ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொன்ன பெண்மணி தெளிவாகச் சொல்லி அனுப்பினார்: வீட்டில் யாரும் எடையைப் பற்றிப் பேசக் கூடாது, அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, வேளைக்கு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கேளம்பாக்கத்தில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருகிற பழக்கம் உள்ளவர், பசியோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கூப்டுறேன், வூட்ல வந்து துன்னுய்யான்னு. பொண்ணு கால் போனாத்தான் வருவியா நீ?" என்றாள் அவர் மனைவி ஜோதிலட்சுமி.

"நீ கூப்ட்ட லட்சணம் அப்டி."

பிரதீபா சிரித்துவிட்டாள். அன்று ஒரு தோசை முழுதாக உள்ளே போனது. மறுநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "பயமா கீது பா" என்று அழுதாள். அவர் தன் தட்டையும் தள்ளிவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இருவரும் ஆறிப்போன தோசையைச் சாப்பிட்டார்கள். இப்படியே இரண்டு மாதம் ஏறுவதும் இறங்குவதுமாகப் போனது.

மாமல்லபுரம் கடலோரத்தில் கல்லூரிகளுக்கான நெடுந்தூர ஓட்டம். அணியையும் சங்கரி மேடத்தையும் ஏற்றிக்கொண்டு போனது அவர் வண்டிதான். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் பிரதீபாவும் ஏறிக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் இட்லி, வடைப் பொட்டலங்கள் பிரிந்தன.

"எனக்கு வேணாம்டி, ஓடணும்ல" என்றாள் சிநேகா. அணியில் அவள்தான் இப்போது முதல் ஆள்.

பிரதீபா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "நானும் இத்தான் சொல்லிக்கினு இருந்தேன். பட்டினியா ஓடினேன். ஆறு மாசம் பீரியட் நின்னு போச்சு. டைம் ஒண்ணும் கொறையல, கால்தான் ஒடஞ்சுது."

"ஏய், உங்கப்பா இருக்காருடி!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"இருக்கட்டும். அவருக்குத் தெரியும். வேற யாருக்காவது இப்டி இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் சொல்லாம வச்சிக்கினுதான் கெட்டேன்."

பக்தவத்சலம் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரோடுதான் கொஞ்சம் கலங்கித் தெரிந்தது.

"எனக்கு நாலு மாசமா வரல, மேடம்" என்றாள் சிநேகா.

அவள் ஓடாவிட்டால் கோப்பை இல்லை என்பது வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சங்கரி மேடம் பட்டியலை எடுத்து அவள் பெயரை அடித்தார். "நாளைக்கு உன்கூட நான் டாக்டர்கிட்ட வரேன். இப்ப இட்லியப் பிரி."

அணிக்கு நான்காவது இடம்தான் கிடைத்தது. கடைசிப் பெண் வந்து சேரும்வரை பிரதீபாவும் சிநேகாவும் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறகு பிரதீபா வேன் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"பா, வட எதுனா மிச்சம் கீதா?"

பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டு அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்துக் கோப்பையை ஒரே நாளில் தூக்கியவர் மாதிரி நெஞ்சு விம்மியது. சீட்டுகளை ஒட்டியபோது எல்லோருக்கும் காட்டலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

"நீ இன்னிக்குப் பேசினத திங்கக்கெழம வண்டியில ஐ.டி. பசங்ககிட்ட சொல்லட்டுமா? உன்னப் பத்தி மட்டும்தான். சிநேகா பேச்சே எடுக்க மாட்டேன்."

பிரதீபா வடையை மென்றுகொண்டே யோசித்தாள்.

"சொல்லு. எடைய மட்டும் சொல்லாத."