மூன்றாம் நாள் மஞ்சள்

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் காலையில் பெயிண்டர் வீடு மஞ்சளாகிவிட்டது. முதலில் தலையணை உறை, பிறகு வாளித் தண்ணீர், பத்து மணிக்குள் சுவர்களும் கூரையும். பெயிண்டர் வேலைக்குப் போகாமல் இரண்டு கோட் வெள்ளை அடித்தார். ஈரம் காயும் முன்பே மஞ்சள் மேலே வந்தது. அவருடைய அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பச்சப்புள்ளன்னா கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கும். ஜன்னல் வெயில்ல காட்டுனா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, மஞ்சளாகிப்போன பாத்திரங்களைத் துலக்க உட்கார்ந்தாள்.

பெற்றவள் மூன்று நாளாகத் தூங்கவில்லை. அழுகிற பிள்ளையாக இருந்தால் அதோடு மல்லுக்கட்டலாம். இது அழவே இல்லை. பாலுக்கு எழுப்பினால் இரண்டு வாய் இழுத்துவிட்டு மறுபடி கண் செருகியது. அவள் அதன் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுக்க வேண்டிய இடம் மஞ்சளாகவே நின்றது. நெஞ்சு, தொடை, கடைசியில் உள்ளங்கால், எங்கும் அதே நிறம். "என்னங்க, பிரஷ்ஷக் கீழ போடுங்க. சுவரு எங்கயும் ஓடிடாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் பெயிண்டர் சுவர் மஞ்சளான கதையிலிருந்து ஆரம்பித்தார். நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வீட்டுக் கதைய அப்புறம் சொல்லுங்க. பால் குடிக்கிறாளா?"

"நேத்துலேர்ந்து சரியாவே இல்ல சிஸ்டர்" என்றாள் பெற்றவள்.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலை அளவு அதிகம். இன்னும் தாமதித்திருந்தால் மூளையைத் தொட்டிருக்கும் என்றார் டாக்டர். குழந்தையின் கண்ணை மூடிக் கட்டி, நீல விளக்கின் கீழ் படுக்கவைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் அவள் எழுந்து பால் கொடுத்தாள். கொடுத்தபடியே தலை தொங்கும், நர்ஸ் தோளைத் தட்டுவார். ரத்தத்தில் அளவு இறங்க இறங்க வீடும் வெளுத்தது. முதலில் சமையலறை, மறுநாள் கூடம். அதைப் போனில் சொல்லும்போது அக்கா உடைந்துவிட்டாள். "வெயில் வெயில்னு நான்தான் கெடுக்கப் பாத்தேன்." "விடுங்கண்ணி, எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்துச்சா" என்றாள் இவள். ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள், குழந்தை வார்டே அதிரும்படி வீறிட்டது. "அழுடி, நல்லா அழு" என்று சொல்லித் தானும் அழுதாள்.

அடுத்த பத்து வருஷத்தில் அந்தத் தெருவில் ஏழெட்டு வீடுகள் அப்படி மஞ்சளாயின. யாரும் வெள்ளையடிக்க ஆள் தேடவில்லை. பெயிண்டர் பெண்சாதிக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள். வேலை முடிந்து வந்த அலுப்போடு அவள் வாசலில் செருப்பை உதறுவாள், சுவர்ப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள்.

"புள்ள எங்க?" என்பாள்.