மேலோகத்தில் பேசக்கூடாது

எங்கள் வீட்டில் ஏசி இருக்கிறது. அது ஓடுவது எங்களுக்காக அல்ல, உருண்டைகளுக்காக. பெயின்ட்பால் ஆட்டத்தில் துப்பாக்கியால் சுடுகிற சாய உருண்டை வெயிலில் இளகும், ஈரக்காற்றில் ஊதும், ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் தட்டையாகும். ஆகவே சின்ன அறை முழுக்க அட்டைப்பெட்டிகள் குளுகுளுவென்று குடியிருந்தன. காலையும் மாலையும் என் வீட்டுக்காரர் உள்ளே போய் ஒவ்வொரு பெட்டியையும் பதமாகப் புரட்டிப்போட்டுவிட்டு வருவார். நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட என்னை அப்படி யாரும் திருப்பிப் படுக்கவைக்கவில்லை.

நான் துணி திருத்துகிறவள். பேன்ட் உயரம் குறைப்பேன், ஜிப் மாற்றுவேன், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பேன், பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவேன். என் தையல் மெஷின் கூடத்தில் டிவிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே நிற்கிறது. அளவு கொடுக்க வருகிறவர் கையை விரித்தால் ஒரு கை டிவியைத் தொடும். எனக்கு அந்தச் சின்ன அறை வேண்டும். இதைச் சாதாரணமாகவும் சொல்லிப் பார்த்தேன், சாப்பாட்டில் உப்பைக் கூட்டியும் சொல்லிப் பார்த்தேன்.

இவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால் முதலில் "பெயின்ட்பால் அணிக்கு கேப்டன்" என்பார். பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகள் ஆடுவார்களே அதுவா என்று கேட்டுவிட்டால் போச்சு.

"அது வேற, இது வேற. இதுல லீக் இருக்கு."

லீக் இருந்தது உண்மைதான். ஒரு காலத்தில் அணிகள் வரிசையில் நின்றனவாம். பிறகு உருண்டை விலை ஏறியது. ஒருவருக்கு முதுகு பிடித்தது, ஒருவருக்குக் கல்யாணம் ஆனது, ஒருவருக்கு இரண்டும் ஆனது. கடைசியில் மிஞ்சியவை இரண்டே அணிகள். அதனால் அவர்கள் ஆடியதெல்லாம் இறுதிப் போட்டிதான். பார்க்க வருவது வீட்டு ஆட்கள் மட்டும், அதுவும் காரை ஓட்டிக்கொண்டு வருவது அவர்களாக இருந்தால். மைதானக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி எந்த அணியாவது ஐந்து ஆள் இல்லாமல் வந்தால் இடத்தை வண்டி நிறுத்த விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் பார்த்து எங்கள் அணியின் பல் டாக்டர் விலகினார். மிச்சம் இவர், இவருடைய தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இவர் ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தார். ஏதோ வரப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரு ஓரமா நின்னா போதும்" என்றார்.

"நின்னா எனக்கென்ன?"

"என்ன வேணும் சொல்லு."

"ஜெயிச்சா அறை உங்களுக்கு. ஜெயிக்கலைன்னா அறை எனக்கு. ஏசியோட."

இவர் கழுவிய தட்டை இன்னொரு தடவை துடைத்தார். பிறகு சரி என்றார். அதாவது தோற்றால் எனக்கு லாபம். அப்படிப்பட்ட ஆளை அணியில் சேர்த்துக்கொள்கிற கேப்டன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆட்டம் பெரிய வித்தையில்லை. காற்றடைத்த பெரிய பெரிய பலூன் தடுப்புகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எதிரியைச் சுட வேண்டும். உருண்டை மேலே பட்டு உடைந்தால் அவுட். உடையாமல் எகிறிவிட்டால் கணக்கில்லை. எதிரணியில் ஒருவரும் மிஞ்சவில்லை என்றால், அவர்கள் பக்கக் கம்பத்தில் இருக்கும் பஸ்ஸரைப் போய் அமுக்க வேண்டும். அமுக்கினால்தான் வெற்றி. அவுட்டானவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் வலை போட்ட அடைப்புக்குள் போய் நிற்க வேண்டும். அதற்கு மேலோகம் என்று பெயர். மேலோகம் போனவர் பேசக்கூடாது. பேசி உயிரோடிருக்கும் தன் ஆளுக்கு வழி சொன்னால், அந்த ஆளும் மேலோகம் வந்துவிட வேண்டும்.

"செத்தவங்க பேசக்கூடாது, ஞாபகம் வச்சுக்க" என்று இவர் காரில் போகும்போது முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுநடுவே கியரை எப்போது மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். ஓட்டியது நான்.

எதிரணிக் கேப்டன் ஒரு வங்கி அதிகாரி. அவருக்குத் துடைப்பம் என்று பட்டப்பெயர். அடிபட்ட பெயின்டை நடுவர் பார்ப்பதற்குள் துடைத்துவிட்டு ஆடுவாராம். கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

என் திட்டம் சுலபம். விசில் ஊதியதும் தலையை நீட்டுவது, ஒரு அடி வாங்குவது, கையைத் தூக்குவது, வீட்டுக்குப் போய் அறையைக் கழுவி விடுவது. ஆனால் விசில் ஊதியதும் டபடபவென்று சத்தம் கிளம்பியதே, நான் பலூனுக்குப் பின்னால் சுருண்டுவிட்டேன். பக்கத்துத் தடுப்பிலிருந்து இவர் ஓயவில்லை.

"குனி. அவ்வளவு குனியாத. முட்டியை மடக்கு. துப்பாக்கியை அப்படியா பிடிப்பாங்க, அது என்ன கத்தரிக்கோலா—"

அதோடு குரல் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். இவர் கழுத்தில் மஞ்சள் வழிய, கையைத் தூக்கிக்கொண்டு மேலோகம் போய்க்கொண்டிருந்தார். கேப்டன்தான் முதல் பிணம்.

அப்புறம் ஒரு அமைதி. கல்யாணமானதிலிருந்து நான் வெங்காயம் நறுக்கினாலும், வண்டியை நிறுத்தினாலும், நூல் கோத்தாலும் பக்கத்தில் ஒரு வர்ணனை ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது என் மூச்சு எனக்கே கேட்டது. ரொம்பப் பிடித்திருந்தது. இந்த ஆட்டத்துக்கு ஏன் முன்பே வரவில்லை என்றுகூட நினைத்தேன்.

கொழுந்தனார் போனார். கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு பேரைச் சாய்த்துவிட்டுப் போனார். கார் கற்றுக்கொடுக்கிறவர் மேலும் இரண்டு பேரைச் சாய்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். மைதானத்தில் மிஞ்சியது துடைப்பமும் நானும்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். திறந்தபோது அவர் தொடையில் பச்சை பூத்திருந்தது. என் பெயின்ட், நானே கைப்படப் போட்டது. நடுவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். துடைப்பம் குனிந்தார், கையுறையால் ஒரு இழுப்பு இழுத்தார், நிமிர்ந்தார். என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார், இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்பதுபோல. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நொடியில் அவர் சுட்ட உருண்டை என் நெஞ்சில் பட்டது. நன்றாக வலித்தது. ஆனால் உடையவில்லை, எகிறிப் புல்லில் உருண்டது.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. கையைத் தூக்கினால் தீர்ந்தது, அறை என்னுடையது. கை பாதி தூக்கியும் விட்டேன். மேலோகத்தைப் பார்த்தேன். இவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் பிதுங்க நின்றார். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, முடிவை என்னிடம் விட்டிருந்தார். எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. துடைப்பத்தின்மேல் ஆத்திரமும் பொங்கியது. இரண்டும் சேர்ந்தால் மனுஷிக்குப் புத்தி வேலை செய்யாது.

வலது பக்கமாகச் சுற்றி ஓடினேன். பலூனில் இடித்தேன், எழுந்தேன், மறுபடி ஓடினேன். துடைப்பம் திரும்புவதற்குள் முகமூடியின் கண்ணாடியிலேயே போட்டேன், ஒன்றுக்கு மூன்றாக. துடைத்தால் கண்ணாடி முழுக்க அப்பி அவருக்கே ஒன்றும் தெரியாது. நடுவர் கையைக் காட்டி அவரை வெளியே போகச் சொன்னார்.

இனி பஸ்ஸர்தான் பாக்கி. என்னைச் சுட ஒரு ஆள் இல்லை. ராணி மாதிரி நடந்தேன். அறை போனால் போகிறது, கூடத்திலேயே தைத்துக்கொள்ளலாம், இந்த நடை யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். வழி மேலோகத்தை ஒட்டித்தான் போனது.

"லெஃப்ட்ல சுத்தியிருந்தா பாதி தூரம்தான்" என்றது வலைக்குள்ளிருந்து ஒரு குரல். "சரி விடு. இப்பவாவது வேகமா போய் அமுக்கு. கட்டைவிரலால அமுக்காத, உள்ளங்கையால."

விசில் ஊதினார் நடுவர். இவர் மறுபடி வாயைப் பொத்தினார். பொத்தி என்ன பயன்?

நடுவர் என்னைப் பார்த்து வருத்தத்தோடு மேலோகத்தைக் காட்டினார். பஸ்ஸர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அமுக்க இரண்டு பக்கமும் ஒரு ஆள் உயிரோடு இல்லை. ஆட்டம் சமன்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் கார் கற்றுக்கொடுக்கிறவர். ஆட்டம் முடிந்துவிட்டதே, அப்போது பேசலாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அதான் அறை கிடைச்சிடுச்சே அண்ணி, ஏன் அழறீங்க?" என்றார் கொழுந்தனார். கெட்டிக்காரத்தனமாகத் தோற்றிருக்கலாம், ஆசையாக ஜெயித்திருக்கலாம். இரண்டும் இல்லாமல், ஒரு உள்ளங்கையால் போயிற்று.

இவர் வாக்குத் தவறவில்லை. உருண்டைக்கு ஏசி இல்லையென்றால் லீக்கே வேண்டாம், விட்டுவிட்டேன் என்று மைதானக்காரருக்குப் போனில் சொன்னார். மறுநாள் பெட்டிகளைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார், மெஷினைத் தானே அறைக்குள் தூக்கிவைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஏசியில் உட்கார்ந்து தைத்தேன். ஒரு ஜிப் மாற்றினேன். ஒரு பேன்ட்டைக் குறைத்தேன். குறைக்கும்போதெல்லாம் அந்தத் தோள் குலுக்கலே கண்முன் வந்தது. கடைசியில் ஒரு காலை மற்றதைவிட நீளமாகத் தைத்துவிட்டேன்.

மெஷினை நிறுத்திவிட்டு மைதானக்காரருக்குப் போன் போட்டேன்.

"அடுத்த ஆட்டம் எப்போங்க?"

"உங்க வீட்டுக்காரர் விட்டுட்டேன்னாரே."

"அவர் விட்டார். நான் விடலை."

"அஞ்சு பேர் சேருமாம்மா?"

"சேரும். அவரும் வருவார்."

"அப்ப கேப்டன் யாருன்னு போட்டுக்கட்டும்?"

என் பெயரைச் சொன்னேன், கதவு சாத்தியிருந்தாலும் கேட்கிற மாதிரி. கூடத்திலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.