பதினெட்டு சதவீதத்தில் நின்ற லிஃப்ட்

எங்கள் பல்கலைக்கழகத்தின் வணிகவியல் துறையில் நிறுவன நிதிப் பாடம் நடத்திய பேராசிரியருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது வழக்கத்தில் இல்லை. எல்லோருக்கும் அவர் 'பதினெட்டு'.

ஒரு காரியத்தில் இன்று பணம் போட்டால், நாளை அது கொண்டுவரும் வரவுக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று பார்ப்பது அவருடைய பாடம். வரவு எவ்வளவு தள்ளி வருகிறதோ, அந்த அளவுக்கு அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பேராசிரியர் கழிப்பது ஆண்டுக்குப் பதினெட்டு சதவீதம். ஏன் பதினெட்டு என்று கேட்டவர்கள் உண்டு. பதில் வாங்கியவர்கள் இல்லை.

துறையின் செலவுக் குழுவுக்கும் அவரே தலைவர். அவர் கையெழுத்தில்லாமல் துடைப்பம்கூட உள்ளே வராது. அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த நான் கோப்பை நீட்டுவேன்.

"இந்தத் துடைப்பத்தால என்ன வரவு?" என்பார்.

"சுத்தம் சார்."

"அது எந்த வருஷம் வரும்?"

லிஃப்ட் மோட்டாரை மாற்றும் கோப்பு இப்படியே போய்ப் போய்த் திரும்பி, ஓரமெல்லாம் பஞ்சாகிவிட்டது. அந்த லிஃப்டில் யாரும் ஏறுவதில்லை. கால் சுளுக்கிய ஒரு திங்கட்கிழமை பேராசிரியர் ஏறினார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே அது நின்றது.

மூன்றாம் மாடிக் கதவைக் கொஞ்சம் நெம்பினோம். தரையோடு தரையாக ஓர் இடைவெளி கிடைத்தது. வாளி நுழையும், பேராசிரியர் நுழையமாட்டார். அந்த இடைவெளியில் அவருடைய மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

லிஃப்ட் கம்பெனி மெக்கானிக் வந்து பார்த்தார். கையால் சுற்றி இறக்குகிற சக்கரம் ஒன்று இருக்குமாம். செலவு மிச்சம் என்று வாங்கும்போதே எங்கள் துறை அதை வேண்டாம் என்று சொல்லியிருந்தது. "மோட்டாரத்தான் மாத்தணும். ஆர்டர்ல கையெழுத்து வேணும்" என்றார். தீயணைப்புக்காரர்கள் கோடாரியோடு வந்தார்கள். உள்ளிருந்து பேராசிரியர் புதுக் கதவுக்கு விலைப்புள்ளி கேட்டார். அவர்கள் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

நான் கோப்பை இடைவெளி வழியாகத் தள்ளினேன்.

"வரவு எங்க?" என்றது குரல்.

"நீங்க வெளிய வருவீங்க சார்."

"நான் வெளிய வந்தா பல்கலைக்கழகத்துக்கு என்ன கூடுதலா கிடைக்குது? உள்ள இருந்தாலும் அதே சம்பளம். பாடமும் இங்கிருந்தே நடத்தலாம்."

கோப்பு கையெழுத்தில்லாமல் திரும்பியது. அன்று அவர் ஒப்புதல் கொடுத்த ஒரே செலவு வாளிக்குத்தான். வரவு உடனடியானது என்று தம் கைப்பட எழுதியிருந்தார்.

மறுநாள் இறுதியாண்டு வகுப்பு மூன்றாம் மாடி நடைக்கூடத் தரையில் நடந்தது. எல்லோரும் குப்புறப் படுத்துக் குறிப்பெடுத்தார்கள். வருகைப் பதிவேட்டில் ஓர் இடம்கூடக் காலியில்லை. தாவரவியல் மாணவர்கள்கூட வந்து படுத்தார்கள்.

"பாடப் புத்தகத்துல வர்ற கம்பெனியெல்லாம் கட்டுக்கதை. இது நிஜம். இந்த மோட்டார மாத்தலாமா வேணாமா? கணக்குப் போட்டுக் காட்டுங்க. இந்த செமஸ்டர் மார்க் இதுக்குத்தான்" என்றார் பேராசிரியர்.

வாயாடி என்று பெயரெடுத்த மாணவி முதலில் எழுந்தாள். அதாவது, முழங்கையை ஊன்றிக்கொண்டாள். "சார், நீங்க வெளிய வந்து புத்தகம் எழுதுவீங்க. அந்த வரவச் சேத்துக்கலாம்."

"பத்து வருஷமா வெளியதான் இருந்தேன். எழுதுனேனா?"

"அப்ப இத்தன வருஷம் உங்களுக்குக் கொடுத்த சம்பளம் வீணாயிடும்ல சார்?"

"போன பணத்த இப்ப எடுக்கப்போற முடிவுல சேக்கக் கூடாது. எந்தப் பாடம்?"

"மூணாவது சார்."

"ம்" என்றார் பேராசிரியர், மனம் நிறைந்து.

ஏறுகிறவர்களிடம் காசு வாங்கலாம் என்று சேர்த்தும் கணக்கு கொஞ்சம் நஷ்டத்திலேயே முடிந்தது. பின்வரிசைக் கால்களின் பக்கமிருந்து ஒருவன், "பத்துன்னு வெச்சா லாபம் வருது சார்" என்றான்.

"விகிதத்துல கை வெச்ச, ஃபெயில்."

புதன்கிழமை மாலை வகுப்பு கலையும் முன்பே அவர் மனைவி வந்தார். பல் மருத்துவர். வாயைத் திறந்தபடி பதில் பேச முடியாதவர்களோடு வேலை செய்து பழகியவர். தினமும் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் பேசாமல் போகிறவர், அன்று புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, நாளன்னிக்குக் காலைல பொண்ணு வந்து எறங்குறா. ஞாபகமிருக்கா?"

வெளிநாட்டில் படிக்கப் போன ஒரே மகள். மூன்று வருடமாக வராதவள்.

"இருக்கு."

"ஏர்ப்போர்ட்டுக்கு வருவீங்களா, இல்ல அவள இங்க கூட்டிட்டு வந்து இந்தச் சந்துல எட்டிப் பாக்கச் சொல்லவா?"

"போகணும்னுதான் இருக்கு. ஆனா அது எனக்கு வர்ற வரவு. பல்கலைக்கழகத்தோட வரவு இல்ல. அவங்க கணக்குல எப்படிச் சேக்கறது?" இடைவெளியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்டின் தூசியாக இருக்கலாம்.

"அப்ப நான் போடறேன் பணத்த."

"என்னது?"

"மோட்டாருக்கு நான் பணம் போடறேங்கறேன். பேங்க்ல நாலு சதவீதத்துக்குச் சும்மா தூங்குது."

வாயாடி படுத்திருந்த இடத்திலிருந்து துள்ளி எழுந்தாள். இரண்டு நாளில் அந்த வகுப்பில் ஒருவர் நிமிர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"ஆன்ட்டி, அப்ப விகிதமும் உங்களுதுதான்! பணம் யாருதோ, அவங்க அத வேற எடத்துல போட்டா என்ன கிடைக்குமோ, அதத்தான் கழிக்கணும். மோட்டாரும் பேங்க் மாதிரி பத்திரம்னா நாலு போதும். சாரோட அஞ்சாவது பாடம்!"

"மோட்டாருக்குக் கம்பெனி ஆயுசு முழுக்க உத்தரவாதம் தருது" என்றேன் நான். கம்பெனி அப்படித் தந்ததாக எனக்கு ஞாபகம்.

"அஞ்சாவது பாடத்துல எங்க?" என்று கேட்டார் பேராசிரியர்.

"ஆரம்பத்துலயே சார். நீங்க அடிக்கோடு போடச் சொன்னீங்க."

உள்ளே புத்தகம் புரளும் ஓசை வெகுநேரம் கேட்டது. மாணவர்கள் நாலு வைத்துக் கணக்குப் போட்டார்கள். லாபம். தாளை உள்ளே தள்ளினார்கள். அவர் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, ஓரிடத்தில் கூட்டல் பிழை திருத்தி, வாயாடிக்கு மார்க் போட்டுவிட்டுக் கோப்பைக் கேட்டார்.

"ஒரு நிமிஷம். போட்ட பணம் வட்டியோட திரும்புற வரைக்கும் லிஃப்ட் என்னோடது. ஏறுறவங்க கொடுக்கற காசு என்கிட்டதான் வரணும். அதையும் எழுதுங்க" என்றார் மனைவி.

பேராசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் மோட்டார் மாறி, பேராசிரியர் மூன்றாம் மாடியில் இறங்கி, முதல் வேலையாக வாளியைக் கையிருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னார். வெள்ளிக்கிழமை விமானம் தரை தொடும்முன்பே ஏர்ப்போர்ட்டில் நின்றார் என்று கேள்வி.

லிஃப்ட் நன்றாக ஓடியது. வாசலில் ஸ்டூல் போட்டு வாயாடி டிக்கெட் கிழித்தாள். கிராக்கி தாங்காமல் தாவரவியல்காரர்கள் வரிசையில் அடித்துக்கொண்டார்கள். பேராசிரியர் மட்டும் சுளுக்கிய காலோடு படியேறினார்.

"மனைவி லிஃப்டுதானே சார், ஏறக்கூடாதா?" என்றேன்.

"எனக்குப் பதினெட்டு. கட்டுப்படி ஆகாது."

அடுத்த வாரம் மகள் துறையைப் பார்க்க வந்தாள். படிக்கட்டை நோக்கி நொண்டிய அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, வாங்க. ரெண்டு பேருக்கும் நானே கொடுக்கறேன்."

"உன் விகிதம் என்னம்மா?"

"எனக்குத் தெரியாதுப்பா. கால் வலிக்குதா இல்லையா?"

அவர் யோசித்தார். வரிசையில் நின்றவர்களும் யோசித்தார்கள். பிறகு ஏறினார். வாயாடி இரண்டு டிக்கெட் கிழித்து, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.