அம்புறோஸ் எழுதிய நன்றிப் பக்கம்

அம்புறோஸுக்கு நன்றி சொல்வது ஒரு வியாதி. பஸ்ஸால் இறங்கும்போது சாரதிக்கு ஒரு ‘மெர்சி’ சொல்வது மொன்றியலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். இந்த மனிதரோ பின்கதவால் இறங்கினாலும் பனிக்குள் முன்கதவு வரைக்கும் நடந்துபோய்ச் சொல்லிவிட்டுத்தான் வருவார். அவர் கட்டில் தள்ளுகிற ஆஸ்பத்திரியில் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டவருக்கும் நன்றி, பிடிக்காமல் ஒதுங்கி நின்றவருக்கும் நன்றி. “ஒருநாளைக்கு உங்கட வாய் உங்களை மாட்டிவிடும், பாருங்கோ” என்று மனைவி கத்தரின் சொல்லுவாள். சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாகத்தான் அது இருந்தது. இந்த வருடம் அந்த நன்றியே மூன்று பெண்பிள்ளைகளின் விளையாட்டுக்கு உலை வைத்துவிட்டது.

மகள் றொஷினி கல்லூரிக் கரப்பந்து அணியில் ஆடுகிறவள். இதுதான் கடைசி வருடம். ஹெயிட்டிக் குடும்பத்துப் பிள்ளை மிர்லாந்த், கியூபெக் பிள்ளை ஒட்ரே, இவள் என்று மூன்று பேரும் எந்நேரமும் ஒன்றாகவே திரிவார்கள். மூவருக்கும் வீடு செயின்ட்-மிஷேலில். பயிற்சி முடிந்து மெத்ரோ ரயிலால் இறங்கி மேலே வந்தால் அடுத்த பஸ்ஸுக்கு அரைமணி நேரம் குளிரில் நிற்கவேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு மாலை, மூன்றும் ஒரே சிப்ஸ் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றதை றெஜினா தன் கடைக் கண்ணாடிக்குள்ளால் கண்டார்.

றெஜினா கொண்டாட்டங்களுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கிற கடைக்காரி. கணவர் போய்ச்சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, வாய்க்கு மட்டும் குறைவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து சத்தம் போட்டார்.

“நீ அம்புறோஸின்ர மகளெல்லே? கோயில்ல கண்டனான். விளையாடுற பிள்ளையள் சிப்ஸைத் திண்டுகொண்டோ நிக்கிறது? வாங்கோ உள்ளுக்கு!”

அன்று தொடங்கியதுதான். பயிற்சி நாளென்றால் மூன்று சாப்பாட்டுக் கோப்பை சுடச்சுடக் காத்திருக்கும். புட்டும் மீன்குழம்பும், சோறும் கோழிக்கறியும், ஒட்ரேக்கு மட்டும் உறைப்புக் குறைத்து. சென்ற ஆனியில் மிர்லாந்தின் சப்பாத்து அடி கழன்று ஒட்டுநாடாவால் சுற்றியிருந்ததைக் கண்டுவிட்டு, அடுத்த கிழமை மூன்று சோடி புதுச் சப்பாத்து வாங்கி வைத்திருந்தார். ஏன் மூன்று என்று அம்புறோஸ் கேட்டதற்கு, “ஒருத்திக்கு மட்டும் குடுத்தா அவள் கூசிப்போவாள், தம்பி” என்றார். அம்புறோஸ் வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். தன் மகளுக்குச் செய்ததற்காக அல்ல, அந்த மூன்றாவது சோடிக்காக.

இப்படிப்பட்ட மனிதருக்குக் மாதா கோயில் திருநாள் மலரில் ஒரு பக்கம் கிடைத்தால் சும்மா இருப்பாரா? நன்றி நவிலல் என்றால் எங்கள் சனத்துக்குச் செத்தவீட்டு அந்தியேட்டிக்கும் ஒரு பக்கம், அரங்கேற்றத்துக்கும் ஒரு பக்கம். அம்புறோஸ் முழுப்பக்கம் எடுத்தார். நடுவில் படம்: கல்லூரிச் சீருடையில் மூன்று பிள்ளைகளும் றெஜினாவின் கடை வாசலில் சப்பாத்துப் பெட்டிகளைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள். கீழே பூப்போட்ட எழுத்தில் அவருடைய செந்தமிழ். அத்தோடு விட்டாரா? ஒரு பிரதியைப் பலகாரப் பெட்டியோடு கொண்டுபோய்ப் பயிற்றுநரின் கையிலேயே கொடுத்து, “பாருங்கள், எங்கள் சமூகம் உங்கள் அணியை எப்படித் தாங்குகிறது!” என்று பிரெஞ்சில் பெருமையும் பேசிவிட்டு வந்தார்.

பயிற்றுநரின் முகம் செத்துப்போயிற்று. விளையாட்டு வீராங்கனை என்பதற்காக ஒரு கடைக்காரர் தருகிற எதையும், சாப்பாடானாலும், கல்லூரிக்கு அறிவிக்காமல் வாங்கக்கூடாது என்பது விதி. வருடத் தொடக்கத்தில் பிள்ளைகள் கையெழுத்து வைத்த தாளில் அது இருந்தது. தாளை யார் வாசித்தார்கள்? சனிக்கிழமை அரையிறுதி. பல்கலைக்கழக அணிகளுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் வந்து பார்க்கிற ஆட்டமும் அதுதான். வியாழக்கிழமை விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

“ஒரு வழி இருக்கிறது,” என்று பயிற்றுநர் தொலைபேசியில் சொன்னார். “அந்த அம்மா உங்கள் சொந்தக்காரர் என்றால் பிரச்சினையே இல்லை. உறவினர் வீட்டில் பிள்ளையும் தோழிகளும் சாப்பிடலாம், பரிசும் வாங்கலாம்.”

கத்தரின் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பேந்தென்ன? மாமி எண்டு சொல்லுங்கோ. எங்கட சனத்தில ஆர் மாமி இல்லை?”

றொஷினியும் சாப்பாட்டு மேசையிலிருந்து, “றெஜினா அன்ரி எங்கட சொந்தம்தானே அப்பா? அதைச் சொன்னாச் சரிதானே” என்றாள். அம்புறோஸ் கடிதத்தை மடித்து வைத்தார். தன் வாயால் வந்த வினை, பிள்ளையையும் பொய்க்குத் தயாராக்கிவிட்டதே என்று நினைத்துக்கொண்டார். றெஜினாவோ ஒருபடி மேலே போய், “நானும் வாறன் தம்பி. உங்கட ஒண்டுவிட்ட அக்கா எண்டு சொல்லுங்கோ. ஆர் இஞ்சயிருந்து உங்கட ஊர் மன்னாருக்குப் போய் விசாரிக்கப் போகினம்?” என்று புறப்பட்டுவிட்டார்.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். தலைமை தாங்கிய மதாம் மரியாதையான மனுசி. மலரை மேசையில் விரித்து வைத்திருந்தார். கைத்தொலைபேசியை அதன்மேல் பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்தார்களாம், பூப்போட்ட எழுத்தில் அது கண்டபாட்டுக்கு உளறியதாம்.

“மெஸ்யு, எழுதியவர் நீங்கள்தானே? தமிழில் வாசித்து, பிரெஞ்சில் சொல்லுங்கள். முறையான மொழிபெயர்ப்புக்கு அனுப்பினால் சனிக்கிழமை தாண்டிவிடும்.”

அம்புறோஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். முதல் வரி கடவுளுக்கு நன்றி. இரண்டாவது மாதாவுக்கு. அதெல்லாம் தடையில்லாமல் வந்தது. மூன்றாவது வரிக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வரியை எழுத அவருக்கு இரண்டு கிழமை பிடித்தது. இவ்வளவு வடிவாகத் தான் வாழ்க்கையில் ஒன்றும் எழுதியதில்லை என்று பத்துப் பேருக்கு வாசித்தும் காட்டியிருந்தார். இப்போது பார்த்தால் அந்த வரிதான் கழுத்தைப் பிடிக்கிறது. தாண்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? அறையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தது அவருக்கும் றெஜினாவுக்கும் மட்டும்தான். றொஷினி பேச்சைப் பிடிப்பாளே தவிர எழுத்து ஓடாது. றெஜினா கதிரையின் நுனிக்கு வந்து, தாண்டிப் போ என்று கண்ணாலேயே அதட்டினார். மூன்று பிள்ளைகளும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாண்டத்தான் நினைத்தார், சத்தியமாக. விரலை அடுத்த வரிக்கு நகர்த்தியும் விட்டார். அப்போதுதான் உறைத்தது. ஒண்டுவிட்ட அக்கா என்றால் அவர் போட்ட சோறு கடமையாகிவிடும். சொந்தக்காரி செய்யாமல் வேறு யார் செய்வது என்று உலகம் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடும். எவளோ பெற்ற மூன்று பிள்ளைகளுக்குப் பார்த்துப் பார்த்துச் சோறு போட்ட கையை, இந்த வாய், நன்றியென்றால் நிற்கவே தெரியாத இந்த வாய், இன்றைக்குப் பார்த்து மறைப்பதா? அவருக்குத் தன்மீதே கோபம் வந்தது. விரலைத் திரும்பக் கொண்டுவந்து அந்த வரியின்மேல் வைத்தார். குரலை உயர்த்தித் தமிழில் வாசித்தார்.

“கோயிலில் முகம் கண்டதைத் தவிர, இரத்த உறவோ ஊர் உறவோ ஏதுமில்லாதிருந்தும், எமது செல்வத்துக்கும் அவள்தன் தோழியருக்கும் தாயினும் மேலாக அன்னமிட்டுக் காலுக்குக் காப்பும் தந்த திருமதி றெஜினா அவர்களுக்கு, எம் ஆயுள் உள்ளவரை நன்றி.”

“ஐயோ, விசர் மனுசன்,” என்று றெஜினா தலையில் அடித்துக்கொண்டார்.

அம்புறோஸ் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார். சொல்லிவிட்டு, “மதாம், இவர் எங்களுக்கு ஒரு உறவுமில்லை. பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்பதற்காகத்தான் கொடுத்தார். உங்களுக்கு அறிவிக்காதது பிழை, பெரியவன் நான் விசாரித்திருக்க வேண்டும். ஆனால் வாங்கியதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன்” என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்புக்கு அரைமணி எடுத்தது. இந்தப் பருவத்தில் மிச்சமுள்ள ஆட்டங்கள் எதிலும் மூன்று பேரும் இறங்கமுடியாது. வேறு தண்டனை இல்லை. வசந்தத்தில் பல்கலைக்கழக அணிகள் நடத்துகிற தெரிவுக்குப் போகத் தடையுமில்லை. மதாம் அதைச் சொல்லும்போது மலரை இரண்டு கையாலும் எடுத்து மரியாதையாக அம்புறோஸிடம் திருப்பிக் கொடுத்தார். அம்புறோஸ் பழக்கதோஷத்தில் ‘மெர்சி’ என்றார்.

வெளியே நடைக்கூடத்தில் ஒட்ரே தேம்பித் தேம்பி அழுதாள். அம்புறோஸ் அவள் முன்னாலும் மிர்லாந்தின் முன்னாலும் போய் நின்று, “என்னால்தான் பிள்ளைகளே” என்றார்.

மிர்லாந்த் கண்ணைத் துடைத்தாள். “சப்பாத்தைத் திருப்பிக் கேட்பார்களா, மெஸ்யு?”

“இல்லை, அம்மா.”

“அப்போ பிழைத்தோம்,” என்றாள். ஒட்ரே அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

றொஷினி மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றாள். திட்டட்டும், என்று அம்புறோஸ் காத்திருந்தார். அவள் திட்டவில்லை. அது தாங்காமல் அவர் றெஜினாவின் பக்கம் திரும்பி, “அக்கா, இவ்வளவு தூரம் வந்ததுக்கு உங்களுக்குப் பெரிய...” என்று தொடங்கினார்.

“அப்பா, பொறுங்கோ,” என்றாள் றொஷினி. “எப்பவும் நீங்கள்தான் எனக்காகச் சொல்லுறீங்கள்.”

அவள் றெஜினாவின் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தடுக்கும். இருந்தும் பிரெஞ்சுக்குத் தாவாமல் சொல்லைத் தேடித் தேடிச் சொன்னாள்.

“அன்ரி, நீங்கள் உண்மையாவே எங்கட சொந்தம் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். அப்பா உங்களை அக்கா எண்டுதானே கூப்பிடுறவர், அவரின்ர ஆரோ ஒரு அக்கா எண்டு. அதால, நீங்கள் தரத்தானே வேணும் எண்டு இரண்டு வருசமாச் சாப்பிட்டிட்டு, கோப்பையை வைச்சிட்டுப் போனனான். நீங்கள் எங்களுக்கு ஒருத்தருமே இல்லை எண்டு இண்டைக்கு, அந்த அறைக்குள்ளதான் கேட்டன்.” குரல் உடைந்தது. “நன்றி அன்ரி. ஒருநாளும் சொல்லேல்லை.”

ஊரையே வாயால் மடக்குகிற றெஜினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மற்ற இரண்டு பேரும் ஓடிவந்து மேலே விழுந்தார்கள். அம்புறோஸ் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, தனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை என்று தெரிந்து, வாயை மூடிக்கொண்டு நின்றார்.