கடிக்காத ஷூ

"நடந்து பாருங்கப்பா. கடிக்குதா?" என்று மகள் கேட்டாள். பள்ளி பஸ் டிரைவரான அவர் ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். கறுப்புத் தோல் ஷூ முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது.

"கொஞ்சம்கூடக் கடிக்கல. பஞ்சு மாதிரி இருக்கு."

அதில் பொய்யில்லை. சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போய் வெகுகாலமாகிவிட்டது. ஷூ அந்தப் பாதத்தைக் கடித்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அகலமான ரப்பர் செருப்பைத் தவிர வேறெதுவும் போடக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் 'வாத்து அங்கிள்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் இன்று அவருக்குக் கல்யாணம். மனைவி போய், மகளையும் ஆளாக்கியபிறகு வந்திருக்கிற இரண்டாம் கல்யாணம். இன்று ஒருநாளாவது மாப்பிள்ளை மாதிரி நடக்க வேண்டாமா?

பதிவு அலுவலகத்து மாடி வராந்தாவில் டீச்சர் காத்திருந்தாள். அவர் பஸ் ஓட்டும் அதே பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். ஆனாலும் எல்லோருக்கும் டீச்சர்தான். பச்சைப் புடவை, எப்போதும் போடுகிற தட்டைச் செருப்பு.

"ஷூ நல்லாருக்கு சார்," என்றாள்.

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கட்டும் என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பேசிக்கொண்டிருந்த டீச்சர் சட்டென்று நிறுத்தினாள்.

"சார், உங்க சாக்ஸ்ல ரத்தம்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அவள் கீழே உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். "வேணாம் டீச்சர், எல்லாரும் பாக்குறாங்க," என்று அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மற்றவர்கள் பார்ப்பதல்ல அவர் பயம். அதற்குள் சாக்ஸும் கழன்றுவிட்டது. குதிகாலில் தோல் உரிந்து சதை சிவந்திருந்தது. டீச்சரின் கண் அங்கிருந்து நகர்ந்து, சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடத்துக்குப் போய் நின்றது. அங்கே விரல் இல்லை. பழைய தழும்பு மட்டும் இருந்தது.

"அப்பா, ஆன்ட்டிகிட்ட சொல்லலையா நீங்க?" மகளின் குரல் கம்மியது.

"சர்க்கரை இருக்குன்னு சொன்னேம்மா. இதையும் சொல்லத்தான் இருந்தேன். வாய் வரைக்கும் வரும். சொன்னா இவங்க யோசிப்பாங்களோன்னு முழுங்கிருவேன்."

"யோசிச்சிருப்பேன்தான்," என்றாள் டீச்சர். எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"நான் வாங்கிக் குடுத்த ஷூதானே எல்லாத்துக்கும் காரணம்," என்று மகள் அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். உள்ளேயிருந்து வந்த குமாஸ்தா எட்டிப்பார்த்து, "பொண்ணு எங்க?" என்றார். டிரைவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுக்கொண்டு குமாஸ்தா உள்ளே போனார். 'பரவாயில்ல டீச்சர், நீங்க சங்கடப்படாதீங்க' என்று சொல்லவேண்டியதை அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். பரவாயில்லை என்கிற முதல் வார்த்தையையே தாண்ட முடியவில்லை.

டீச்சர் மூச்சு வாங்க மேலே வந்தாள். கையில் தண்ணீர் பாட்டில், பஞ்சு, கட்டுத்துணி, கூடவே நல்ல ஆரஞ்சு நிறத்தில் அகலமான ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"உங்க சைஸ்ல இந்தக் கலர்தான் இருந்துச்சு."

புண்ணைக் கழுவி, ஒற்றியெடுத்து, இறுக்காமல் கட்டினாள். அவள் விரல் படுவது அவருக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கடைக்குப் போற வழியெல்லாம் யோசிச்சேன்," என்றாள், தலை நிமிராமல். "மறைச்சதுக்குக் கோவம் இருக்கு. அது ஒரு நாள்ல போகாது. வீட்ல வச்சுப் பேசிக்குவோம். இப்ப கையெழுத்தப் போட்டுட்டு நேரா டாக்டர்கிட்ட போறோம்."

வீட்டில் என்று அவள் சொன்னதை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். "கோவம் எத்தனை நாள் இருக்கும் டீச்சர்?"

"அது உங்க கையில இருக்கு. தினமும் பாதத்தக் காட்டணும்."

மகள் அழுகையோடு சிரித்துவிட்டாள். குமாஸ்தா மறுபடி கூப்பிட்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது படிக்கட்டில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு படி முன்னால் இறங்கி, பக்கவாட்டில் திரும்பி நின்றாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கால் வைக்கப்போகிற இடத்தைக் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அவர் காலை எடுத்து அங்கே வைத்தார். அவள் அடுத்த படிக்கு இறங்கினாள்.